விசா இருந்தால் போதுமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



தொழில்நுட்பம் பற்றிப் பேசச் சொல்லித்தான் செயலாளர் கேட்டார். அதற்கு இந்த அரங்கத்தில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் நிறையப் பேர் உண்டு. நான் ஒரகடம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் அட்மின் பிரிவில் இருக்கிறேன். வெளிநாட்டு இன்ஜினியர்களுக்கு வீடு, கார், டிக்கெட் பார்ப்பது என் வேலை. அதில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். நாளைக்கு உங்களில் பாதிப் பேர் இதே சாலையில்தான் வேலைக்கு வரப்போகிறீர்கள்.

2016-இல் ஆயுத பூஜை லீவுக்குக் குடும்பத்தோடு சிக்கிம் போகக் கிளம்பினோம். எங்கள் கொரிய இன்ஜினியர் ஒருவர், "நானும் வரலாமா?" என்றார். "தாராளமா வாங்க சார், உங்ககிட்டதான் விசா இருக்கே" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் தப்பு.

சிலிகுரியிலிருந்து சிக்கிமுக்குள் நுழையும் இடம் ரங்போ. அங்கே அவருடைய பாஸ்போர்ட், விசா நகல், போட்டோ எல்லாம் வாங்கிக்கொண்டு, சிக்கிமுக்கென்று தனியாக ஓர் அனுமதிச் சீட்டு கொடுத்தார்கள். அவ்வளவுதான், வேலை முடிந்தது என்று நினைத்தேன். காங்டாக் போன பிறகுதான் டிராவல்ஸ்காரர் குண்டைப் போட்டார். நாதுலா கணவாய்க்கு வெளிநாட்டவர் போகவே முடியாது. லாச்சுங், யும்தாங் போகலாம். ஆனால் அதற்கு வேறொரு அனுமதி வேண்டும்; அதுவும் குறைந்தது இரண்டு வெளிநாட்டவராக, பதிவு பெற்ற டிராவல்ஸ் மூலமாகத்தான் தருவார்கள்.

"நாங்க நாலு பேர் கூட இருக்கோமே?" என்று கேட்டேன்.

"நீங்க இந்தியர். கணக்குல வரமாட்டீங்க" என்றார்.

மறுநாள் எங்களுக்கு நாதுலா அனுமதி கிடைத்தது. பதினாலாயிரம் அடிக்கு மேலே என் பிள்ளைகள் பனியைப் பார்த்துக் குதிக்கிறார்கள். நம்மை நம்பி வந்த மனிதர் காங்டாக் ஓட்டல் அறையில் உட்கார்ந்திருக்கிறார். திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். "எங்க நாட்டுலயும் வடக்கு எல்லைக்கிட்ட ஒரு கோடு இருக்கு. நானே நெனச்சபடி தாண்ட முடியாது. ஆனா நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்றார். அந்தக் கடைசி வாக்கியம் இன்றைக்கும் குத்துகிறது.

ஊருக்குத் திரும்பியதும் உட்கார்ந்து படித்தேன். 1958-இல் 'பாதுகாக்கப்பட்ட பகுதிகள்' என்றும், 1963-இல் 'கட்டுப்படுத்தப்பட்ட பகுதிகள்' என்றும் இரண்டு ஆணைகள் வந்திருக்கின்றன. அருணாசலம், நாகாலாந்து, மணிப்பூர், மிசோரம் முழுவதும், இமாசலம், உத்தராகண்ட், ராஜஸ்தான் போன்ற மாநிலங்களின் எல்லையோரப் பகுதிகளும் முதல் வகை. அந்தமான் நிக்கோபார் இரண்டாம் வகை. சிக்கிமில் இரண்டும் உண்டு. இந்த ஆணைகளுக்கு ஆதாரமாக இருந்த 1946-ஆம் வருடச் சட்டம் போய், 2025 செப்டம்பர் 1 முதல் புதிய சட்டம் வந்துவிட்டது; அனுமதி முறை போகவில்லை. சீனா, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் என்றால் உள்துறை அமைச்சகம் வரை போகவேண்டும். நம்ம பக்கத்து கம்பெனிகளில் சீன இன்ஜினியர்களும் இருப்பதால் சொல்கிறேன். நமக்கே கூட அருணாசலம், நாகாலாந்து போக அனுமதி வேண்டும். 1873-இல் வெள்ளைக்காரன் போட்ட விதி அது.

இதெல்லாம் வீண் கெடுபிடி என்று சில நண்பர்கள் சொல்வார்கள். நம்ம கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி செல்போன் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டுகிறாரே, அதை யாரும் கேள்வி கேட்பதில்லை! எல்லைக் காவல் ஒரு காரணம். அங்கே வாழும் மக்களைக் காப்பது இன்னொரு காரணம். 2018-இல் அந்தமானில் 29 தீவுகளுக்கு வெளிநாட்டவர் அனுமதிச் சீட்டைத் தளர்த்தினார்கள். அந்தப் பட்டியலில் வட சென்டினல் தீவும் இருந்தது. ஆனால் பழங்குடியினரைக் காக்க 1956-இல் போட்ட ஒழுங்குமுறை தனியாக இருந்தது. அதன்படி அந்தத் தீவுக்குப் போகக்கூடாது. அதே வருடம் நவம்பரில் ஜான் ஆலன் சாவ் என்ற அமெரிக்க இளைஞர் அங்கே போய் உயிரிழந்தார். அவரைப் படகில் கொண்டுபோன மீனவர்கள் கைதானார்கள். அழைத்துப் போகிறவனுக்கும் பொறுப்பு உண்டு என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

விதிகளும் ஒரே மாதிரி நிற்பதில்லை. நாகாலாந்து, மணிப்பூர், மிசோரத்துக்கு 2011-இல் தளர்த்திய கட்டுப்பாட்டை 2024 டிசம்பரில் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். போன வருடம் போய்வந்தவர் சொன்னார் என்று டிக்கெட் போடாதீர்கள். சென்னையில் வெளிநாட்டவர் பதிவு அலுவலகம் இருக்கிறது, கேளுங்கள்.

கொரியர் கதை என்ன ஆயிற்று என்கிறீர்களா? அவருக்கு ஜோடி தேட ஆரம்பித்தேன். (சிரிக்காதீர்கள், கல்யாணத் தரகர் மாதிரிதான் அலைந்தேன்.) கடைசியில் பக்கத்து கம்பெனி ஜப்பானியர் ஒருவர் மாட்டினார். இருவருக்கும் பொதுவான பாஷை அரைகுறை இங்கிலீஷும், நம்ம ஊர் டிரைவர்கள் கற்றுக்கொடுத்த நாலு தமிழ் வார்த்தையும்தான். 2018 ஏப்ரலில் அனுமதியோடு யும்தாங் போய்ப் பூக்கள் நடுவே நின்று போட்டோ அனுப்பினார்கள். அது இன்னும் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. நாதுலாவில் நான் எடுத்த போட்டோவை மட்டும் அவருக்கு இதுவரை காட்டவில்லை.