கடுத்த முகமும் கலங்கிய மனமும்



யூபிலி விழாவில் தற்கொலையைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் கேட்டனர். அத்துயரைச் சுமக்கும் வீடுகள் நம்மிடையே உள்ளன. நாம் பேசாதிருந்ததால் அவர்கள் தனித்துப் போனார்கள், ஆகவே பேசுகிறோம்.

ஆபத்தை உணர்த்த மூளைக்குள் பாதாம் பருப்பளவில் ஒரு பகுதி உண்டு, அமிக்டலா என்பர். நெற்றிக்குப் பின்னுள்ள பகுதி அதைத் தணித்து நிதானம் தருகிறது. 2008இல் வெளியான ஓர் ஆய்வில், முன்பு தற்கொலைக்கு முயன்று பிழைத்த ஆண்களுக்குக் கோப முகங்களின் படங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தனர். கண்குழிக்கு மேலுள்ள ஒரு பகுதி, மனச்சோர்வு மட்டும் கண்டிருந்தவர்களைவிட இவர்களிடம் மிகுதியாக இயங்கிற்று. அத்தனைக்கும் அப்போது அவர்கள் சோர்விலிருந்து தேறியிருந்தவர்கள்! நமக்கு வெறும் சிடுசிடுப்பாகத் தோன்றும் முகம், அவர்களுக்கு நம்மை ஒதுக்கிவிட்டார்கள் என்ற தீர்ப்பாகப் படலாம். ஆனால் ஸ்கேனைக் கொண்டு இன்னார் உயிரை மாய்ப்பார் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது.

கார்மேல் மலையில் வென்ற எலியா, ஈசபேலின் ஒரே மிரட்டலுக்குப் பாலைவனம் ஓடி, சூரைச்செடியடியில் சாவை வேண்டினார். வானதூதர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடி உறங்கவும் விட்டார்.

நாமோ கடிந்துகொண்டோம். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், தெரிந்தே தற்கொலை செய்தவர்களுக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த விலக்கு இல்லை. 1992இல் வந்த மறைக்கல்வி நூல், கடும் மனக்கோளாறும் பேரச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்கிறது. அவர்களுக்காகத் திருச்சபை செபிக்கிறது என்றும் சொல்கிறது. இதை இன்னும் அறியாமல் அந்த வீட்டாரைப் பழிப்போர் உண்டு. எங்களுக்கு அது வருத்தமே.

நம் முன்னோர் முத்துக்குளித்த நாள்களில், தோணியில் கயிறு பிடித்தவர் கண்ணை அப்பால் எடுக்கமாட்டார். மூழ்கியவர் கயிற்றை அசைத்ததும் இழுப்பார். மனம் மூழ்குகிறவரும் அசைக்கத்தான் செய்கிறார், மெதுவாக: தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, "நான் எல்லாருக்கும் பாரம்" என்கிறார். "சாக நினைக்கிறாயா?" என்று நேரே கேட்டால் அந்த எண்ணம் புதிதாய் விதைக்கப்படும் என்ற பயம் வேண்டாம், ஆய்வுகள் அதை மறுக்கின்றன. கேளுங்கள். தனியே விடாதீர்கள். 1986இல் சென்னையில் தொடங்கிய சிநேகா அமைப்பினர் செய்துவருவதும் முதலில் இதைத்தான், பொறுமையாகக் கேட்பது. டெலி மானஸ் என்னும் அரசு உதவி எண் 14416. இரவிலும் தமிழில் பேசலாம். அந்த எண்ணைக் கோவில் அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்திருக்கிறோம்.