நம்ம வாசல் மண்ணை யார் சுத்தம் பண்ணுவது?

(பகுதிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடையேறினால் டெல்லியைப் பத்தியும் கோட்டையைப் பத்தியும்தான் பேசணும்னு ஒரு வழக்கம் இருக்கு. இன்னைக்கு அது வேண்டாம். உங்க வீட்டு வாசல்ல, கொல்லையில இருக்கிற மண்ணைப் பத்திப் பேசப்போறேன். கறிவேப்பிலைக் கன்று நட்டிருக்கீங்களே, பிள்ளைங்க உருண்டு புரளுதே, அந்த மண்.

அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் ஈஸ்ட் சிக்காகோ என்று ஒரு ஊர். ஈயம் உருக்கும் ஆலைகள் இருந்த ஊர். அப்படி ஓர் ஈய ஆலை நின்ற இடத்திலேயே, 1970-களின் தொடக்கத்தில், வெஸ்ட் கேலுமெட் என்ற அரசுக் குடியிருப்பைக் கட்டினார்கள். நம்ம ஊர் ஹவுசிங் போர்டு மாதிரின்னு வெச்சுக்கோங்க. குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். வாடகைக்கு வழியில்லாதவனைத்தான் விஷத்து மேல குடிவைப்பாங்க. அது எந்த நாடா இருந்தா என்ன?

2009-ல் அந்தப் பகுதியை மத்திய அரசு, முன்னுரிமை கொடுத்துச் சுத்தம் செய்யவேண்டிய நச்சு இடங்களின் பட்டியலில் சேர்த்தது. 'முன்னுரிமை'ன்னா எவ்வளவு நாள் தெரியுமா? 2016 ஜூலையில்தான் மேயரின் கடிதம் வீடு வீடாக வந்தது. வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள் என்றது கடிதம். "மண்ணில் விளையாடாதீர்கள்" என்று புல்தரையில் பலகை நட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள், அதில் பாதிக்கு மேல் குழந்தைகள். அன்றைய கணக்கில் குடியிருப்பு மண்ணில் ஈயம் 10 லட்சத்துக்கு 400 பங்கைத் தாண்டினால் ஆபத்து. அங்கே சில இடங்களில் அதைப்போல நூறு மடங்குக்கு மேல் இருந்தது. 2018-ல் மொத்தக் குடியிருப்பையும் இடித்தார்கள்.

ஈயம் குழந்தையின் மூளையைத் தாக்குகிறது. இவ்வளவு வரை ஒன்றும் செய்யாது என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மண்ணில் கை வைத்த பிள்ளை அந்தக் கையை வாயில் வைக்கும். அவ்வளவுதான், வேறொன்றும் நடக்கவேண்டியதில்லை. ஈயம் மக்கிப் போகாது. தாத்தா காலத்தில் விழுந்தது பேரன் காலத்திலும் அங்கேயே இருக்கும்.

சரி, மண்ணை எப்படிச் சுத்தம் பண்றது? அதே ஊரில் பக்கத்துத் தெருக்களில் தனி வீடுகள் இருந்தன. அங்கே வீடு வீடாகச் செய்தார்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் பல இடங்களில் மண் எடுத்துப் பரிசோதித்தார்கள். அளவு தாண்டிய இடத்தில் இரண்டடி வரை தோண்டி எடுத்தார்கள். ஏன் இரண்டடி? வீட்டுத் தோட்டத்தில் மண்வெட்டி அதற்குக் கீழே போகாது என்ற கணக்கு. அதற்குக் கீழும் நஞ்சு இருந்தால், பின்னாளில் தோண்டுகிறவருக்குத் தெரிய ஓர் அடையாள விரிப்பைப் போட்டு, மேலே நல்ல மண்ணை நிரப்பிப் புல் பதித்தார்கள். வீட்டுக்குள் படிந்த தூசியையும் துடைத்தார்கள். செலவுக்கு, பழைய ஆலைகளோடு தொடர்புடைய இரண்டு நிறுவனங்களை 2014-ல் வழக்கு மூலம் பிடித்து, 2.6 கோடி டாலர் கட்ட வைத்தார்கள். வீட்டுக்காரர் பையிலிருந்து போகவில்லை.

இடையில ஒண்ணு. சூரியகாந்தி நட்டா ஈயத்தை உறிஞ்சிடும்னு வாட்ஸப்ல வரும், நம்பாதீங்க. செடி கொஞ்சம் உறிஞ்சும், உண்மை. ஆனா மண் சுத்தமாகப் பல பத்தாண்டு ஆகும். அந்தச் செடியையும் நச்சுக் குப்பையாத்தான் பார்க்கணும், மாட்டுக்குப் போட முடியாது.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை 1990-களின் நடுவில் மூடப்பட்டது. லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு அங்கேயே மலையாகக் கிடந்தது. மழை பெய்தால் மஞ்சள் தண்ணீர் ஓடும். சுற்றியிருக்கிற ஊர்க்காரங்களைக் கேளுங்க, கிணற்றைக் காட்டுவாங்க. மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது எந்த வழக்கில்? வேலூர் மக்கள் போட்ட தோல் ஆலை வழக்கில், 1996-ல். பாலாற்றங்கரை மக்கள் கஷ்டப்பட்டு இந்த நாட்டுக்கே வாங்கிக் கொடுத்த சட்டம் அது. அதை நாம பயன்படுத்தாம வெச்சிருக்கோம்.

2025 ஜூலையில் ஒன்றிய அரசு, மாசுபட்ட இடங்களுக்கென்றே தனி விதிகளைக் கொண்டுவந்தது. மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சந்தேகத்துக்குரிய இடங்களின் பட்டியலைத் தரவேண்டும். மாநில வாரியம் 90 நாளில் முதல்கட்ட ஆய்வு செய்யவேண்டும். பிறகு விரிவான ஆய்வு, மாசுபடுத்தியவரைக் கண்டுபிடிப்பது, அவரிடம் செலவை வசூலிப்பது. அவர் இல்லையென்றாலோ, கட்ட முடியாதவர் என்றாலோ, அரசே செய்யவேண்டும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் சுத்தம் செய்து முடிக்க எத்தனை நாள்? அதற்குக் கெடு கிடையாது. விதிகள் வந்தபோது நாடு முழுக்க அடையாளம் கண்டிருந்த இடங்கள் 103. வேலை தொடங்கியிருந்தது வெறும் ஏழு இடத்தில். கெடு இல்லாத விதி எப்படி நடக்கும்னு நமக்குத் தெரியாதா?

இன்னொரு கேள்வியையும் நாம மறைக்கக் கூடாது. தோண்டி எடுத்த மண் எங்கே போகும்? நம்ம வாசலில் இருந்து எடுத்து, கும்மிடிப்பூண்டியில் இருக்கிற நச்சுக்கழிவுக் கிடங்கில் கொட்டினால் நமக்கு நிம்மதி. அந்தக் கிடங்கைச் சுற்றி இருக்கிறவங்களும் நம்ம ஜனம்தானே? அதனால மண் வண்டி தார்ப்பாய் மூடிப் போகுதா, கிடங்கில் கசிவு தடுக்க ஏற்பாடு இருக்கா, அங்கே நிலத்தடி நீரைப் பரிசோதிக்கிறாங்களா என்பதையும் சேர்த்துத்தான் கேட்கணும்.

உங்க வீடு பழைய ஆலைக்கோ, பேட்டரி உருக்கின பட்டறைக்கோ, சாயக் கழிவு ஓடின வாய்க்காலுக்கோ பக்கத்தில் இருந்தால், மண்வள அட்டையைக் காட்டி யாராவது சமாதானம் சொல்வாங்க. ஏமாறாதீங்க. அதில் இருக்கிற 12 கணக்கும் பயிருக்கானது. தழைச்சத்து, மணிச்சத்து, துத்தநாகம் எல்லாம் இருக்கும். ஈயம் இருக்காது, குரோமியம் இருக்காது. கன உலோகப் பரிசோதனைன்னு தனியாக் கேட்கணும்.

முடிவு வரும்வரை சும்மா இருக்கவேண்டாம். கீரையும் முள்ளங்கியும் அந்த மண்ணில் போடாதீங்க, வெளியிலிருந்து நல்ல மண் வாங்கித் தொட்டியில் போடுங்க. வெறும் தரையைப் புல்லோ ஜல்லியோ போட்டு மூடுங்க. செருப்பை வாசலிலேயே கழற்றுங்க. பிள்ளைங்க சாப்பிட உட்காரும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.

வர்ற திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். தெருவுக்கு ஒரு மனு. அதில் மூணே கோரிக்கை எழுதுங்க: எங்க தெரு மண்ணை அரசு செலவில் பரிசோதிக்கணும், முடிவைத் தமிழில் வீட்டுக்கு வீடு கொடுக்கணும், 2025 விதிகளின்படி சந்தேகப் பட்டியலில் சேர்க்கணும். மனு கொடுத்ததற்கு ரசீது வாங்காம திரும்பாதீங்க. ரசீது நகல் ஒன்றைப் பகுதிச் செயலாளரிடம் கொடுங்க. தேதியைக் குறிச்சு வெச்சுத் தொண்ணூறாவது நாள் நாம சேர்ந்தே போய்க் கேட்போம்.