படைப்பவர்க்கு ஓர் இடம்



ஒரு நூல் அச்சாகி வந்தபின் அதற்கு விழா எடுக்கிறோம்; ஆசிரியருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம்; பரிசும் வழங்குகிறோம். அந்நூலை அவர் எழுதியும் அடித்தும் மீண்டும் எழுதியும் உழன்ற மாதங்களில் அவருக்கு நாம் என்ன செய்தோம் என்று கேட்டால் விடை கூறுதல் அரிது. படைக்கும் காலத்தைப் பேணுவதற்கென்றே அமைந்த ஓரிடத்தைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்சயர் மாநிலத்தில் பீட்டர்பரோ என்னும் சிற்றூர் உள்ளது. 1896ஆம் ஆண்டு அங்கே மரியன் மெக்டவல் ஒரு பண்ணையை வாங்கினார். இசையமைப்பாளரான அவருடைய கணவர் எட்வர்டு மெக்டவல் தனித்திருந்து இசையமைப்பதற்கெனக் காட்டினுள் மரக்குடில் ஒன்று எழுந்தது. மரியன் நண்பகலில் உணவுக் கூடையை வாயிலில் வைத்துவிட்டு, உள்ளே இருப்பவரை அழைக்காமலே திரும்பிவிடுவார்.

1907இல் அப்பண்ணை கலைஞர் உறைவிடமாயிற்று. மறு ஆண்டே எட்வர்டு மறைந்தார். இன்று அங்கு முப்பதுக்கும் மேற்பட்ட பணிக்கூடங்கள் மரங்களிடையே தனித்தனியே நிற்கின்றன. எழுத்தாளர், ஓவியர், இசையமைப்பாளர், திரைப்படக் கலைஞர் எனப் பலரும் விண்ணப்பித்து, தேர்வுபெற்றுச் சில வாரங்கள் தங்குகின்றனர். இடத்திற்கும் உணவிற்கும் கட்டணம் இல்லை. கூடத்திலுள்ள மரப்பலகையில் தம் பெயரை எழுதிவிட்டுச் செல்வது அங்குத் தங்கியோர் வழக்கம். தார்ன்டன் வைல்டர் தம் 'அவர் டவுன்' நாடகத்தின் சில பகுதிகளை அங்கிருந்து எழுதினார். ஜேம்ஸ் பால்ட்வினும் அங்குத் தங்கியவரே.

இவ்வாறு பெயர்களை அடுக்கி அவ்விடத்தின் பெருமையை நிறுவுதல் எளிது. ஆயினும் புறப்படுவோரிடம் 'எத்தனை பக்கம் எழுதினீர்?' என்று கணக்குக் கேளாமையே அதன் தனிச்சிறப்பு என்பேன். எழுத முனைந்து, அவ்வழி பயன்படாது என்று கண்டு கைவிட்டவரும் அங்கே வீணே தங்கியவராகக் கருதப்படுவதில்லை.

நம் ஆய்வாளர்கள் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்றுண்டு. மரியன் பியானோக் கலைஞர், எட்வர்டிடமே பயின்றவர், மணவாழ்வின் பொருட்டு மேடையை ஒதுக்கியவர். கணவர் மறைந்தபின், ஐம்பது வயதைக் கடந்த நிலையில், ஊர் ஊராகச் சென்று அவருடைய இசையை வாசித்து இவ்வுறைவிடத்திற்குப் பொருள் திரட்டினார். 1956இல் மறையும்வரை அதனைத் தம் பொறுப்பாகவே எண்ணினார். அவருடைய வாயிலில் கூடை வைக்க எவரும் இருந்தாரா என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. பெண்ணுக்குத் தனியறை மட்டும் போதாது. அடுப்பங்கரையை வேறொருவர் ஏற்கவும் வேண்டும்.

நம்மிடம் இவ்வெண்ணமே இல்லை என்று சொல்வதற்கில்லை. 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரைச் சூழ்ந்த ஓவியர்களும் சென்னையை அடுத்த கடற்கரையில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தோற்றுவித்தனர். பாத்திக் முதலிய கைவினைப் பொருள்களை விற்று வாழ்க்கைக்கு வழிதேடி, ஓவியத்தைத் தம் விருப்பப்படி வரைந்தனர். அது கொடையன்று, உழைத்துப் பெற்ற இடம். எழுத்தாளரும் அதனையொத்த ஒன்றை முயலலாம்.

காட்டையோ கடற்கரையையோ நான் கேட்கவில்லை. கோடை விடுமுறையில் ஒரு மாதம், ஓர் எழுத்தாளருக்கு, ஓர் அறையை நம் வட்டம் வாடகைக்கு எடுத்துத் தரலாம். முடிவில் கையெழுத்துப் படியைக் காட்ட வேண்டும் என்னும் விதி வேண்டா. வருபவர் பெண்ணாயின், வீட்டில் அவர் விட்டுவரும் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்பதையும் செயற்குழு சேர்த்தே பேசட்டும். முதல் ஆண்டின் உணவுச் செலவை நான் ஏற்கிறேன்.