2045 வரை காசெட் தாங்காது

தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் ஆரணிப் பெருமக்களே, தாய்மார்களே!

நூலக வார விழா என்றால் புத்தகத்தைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். நான் வீடியோ காசெட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். இங்கே நாற்பது வயதைத் தாண்டியவர்கள் வீட்டில், பீரோவின் மேல்தட்டிலோ பரணிலோ ஒரு காசெட்டாவது கிடக்கும். அக்கா கல்யாணம், பிள்ளைக்குக் காதுகுத்து, கோயில் கும்பாபிஷேகம், திரௌபதி அம்மன் கோயிலில் விடிய விடிய நடந்த பாரதக் கூத்து. டெக்கை வாடகைக்கு எடுத்துவந்து, தெருவே கூடி ஒரே ராத்திரியில் மூன்று படம் பார்த்தோமே, அந்தக் காலத்துச் சரக்கு.

வீட்டுக்குப் போனதும் அதில் ஒன்றைக் கையில் எடுங்கள். போட்டுப் பார்த்துவிடாதீர்கள், கையில் எடுத்தால் போதும். பக்கவாட்டில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் முன்பக்க மூடியைத் தூக்கலாம். உள்ளே அரை அங்குல அகலத்தில் கறுப்பு நாடா. ஓரத்தில் மாவு தூவினாற்போல் வெள்ளை படிந்திருந்தால் அது பூஞ்சை. நாடா என்பது வெறும் பாலியெஸ்டர். படம் இருப்பதெல்லாம் அதன்மேல் பூசிய இரும்பு ஆக்சைடு பூச்சில். அந்தத் தூளைப் பிடித்துவைத்திருக்கும் பசை, காற்றின் ஈரத்தைக் குடித்துக் குடித்து இளகிப்போகிறது. அதை மெஷினில் ஓடவிட்டால் பூச்சு உரிந்து ஹெட்டில் அப்பிக்கொள்ளும். மணப்பெண்ணின் முகமும் அதோடு போய்விடும். சரி, ஓட்டுவதற்கு மெஷின்தான் எங்கே? கடைசியாக வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபூனாய் கம்பெனியும் 2016 ஜூலையோடு கடையைக் கட்டியது.

பழைய பாவு தறியில் இருக்கும்போதே அதன் முனையில் புதுப் பாவை இழை இழையாகப் பிணைப்பவர்கள் நீங்கள். பழையது ஓடி முடிந்து கழன்றுவிட்டால் எவ்வளவு வேலை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காசெட்டையும் அது ஓடுகிற நிலையில் இருக்கும்போதே காப்பி எடுத்தாக வேண்டும்.

அந்த வேலைக்கு ஏற்ற இடம் நூலகம்தான். ஆனால் காப்பி என்றதும் நூலகர்களுக்கு ஒரு பயம். நியாயமான பயம்தான். 2004இல் நம் மாநில அரசு, குண்டர் சட்டத்தில் வீடியோ திருடர்களையும் சேர்த்தது. காப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம் என்று எழுதியிருக்கிறது. திருட்டு வி.சி.டி. விற்றவனுக்குப் போட்ட சட்டம், அலமாரி சாவி வைத்திருக்கிற நூலகரையும் சேர்த்தே மிரட்டிவிட்டது.

ஆனால் அதே 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில், 2012 திருத்தத்தில் வந்து சேர்ந்த ஒரு உட்பிரிவு இருக்கிறது. லாப நோக்கமில்லாத பொது நூலகம், தன்னிடம் டிஜிட்டல் அல்லாத பிரதி ஒன்று ஏற்கெனவே இருக்குமானால், பாதுகாப்பதற்காக அந்தப் படைப்பை மின்னணு முறையில் சேமித்துக்கொள்ளலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அதற்கு முன்பு நூலகத்துக்கென்று இருந்த சலுகை, விலைக்குக் கிடைக்காத புத்தகத்துக்கு மூன்று பிரதி வரை எடுக்கலாம் என்பதுதான். அதில் காசெட்டுக்கு இடமில்லை. அமெரிக்கச் சட்டம்கூட, பழுதான காசெட்டுக்கு மாற்றுப் பிரதி நியாயமான விலையில் கிடைக்கிறதா என்று முதலில் தேடிப்பார்க்கச் சொல்கிறது. நம் உட்பிரிவில் அந்த நிபந்தனையும் கிடையாது.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். டிஜிட்டல் அல்லாத பிரதி என்று சொல்லிவிட்டதால், காசெட்டுக்குப் பாதுகாப்பு உண்டு, அதற்குப் பின்னால் வந்த வி.சி.டி.க்கும் டி.வி.டி.க்கும் இந்த உட்பிரிவு உதவாது. தட்டும்தான் கீறல் விழுந்து வீணாகிறது. எழுதியவர்கள் அதை யோசிக்கவில்லை போலிருக்கிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சட்டம் சொல்வது சேமிப்பதை மட்டும்தான். சேமித்ததை யூடியூபில் ஏற்றவோ, பென்டிரைவில் போட்டு ஊருக்குக் கொடுக்கவோ அதில் அனுமதி இல்லை. 1985இல் வெளிவந்த ஒரு படத்தின் உரிமை, வெளிவந்த மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டு, அதாவது 2045 டிசம்பர் 31 வரை நிற்கும். நாடா அதுவரை நிற்காது. உரிமை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருந்தால் என்ன மிஞ்சும்? பக்கத்து வேலூரில் பிறந்த நடராஜ முதலியார் தென்னிந்தியாவின் முதல் மௌனப்படமான கீசகவதத்தை எடுத்தார். ஒரு பிரதி இல்லை. 1931இல் வந்த முதல் தமிழ் பேசும்படம் காளிதாஸ். அதற்கும் பிரதி இல்லை. அந்தப் படங்களின் உரிமையை வைத்து இப்போது யார் என்ன செய்ய முடியும்?

நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். சட்டம் நூலகத்துக்குச் சலுகை கொடுத்திருக்கிறது, காசெட்டோ உங்கள் பீரோவில் இருக்கிறது. நூலகத்தின் இருப்புப் பதிவேட்டில் ஏறாத காசெட்டை நூலகர் தொட முடியாது. ஆகவே முதல் வேலை நம்முடையது. அந்தக் கல்யாண வீடியோவின் உரிமை யாருக்கு என்று கேட்டால், வீடியோக்காரருக்கு என்பீர்கள். இல்லை. வேறு ஒப்பந்தம் எதுவும் போடாதவரை, பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவருக்குத்தான் முதல் உரிமை என்கிறது 17ஆம் பிரிவு. நீங்கள் கையெழுத்துப் போட்டால் நூலகம் அதை ஊருக்கே காட்டலாம். நடுவில் சேர்த்த சினிமாப் பாட்டு மட்டும் வேறொருவர் சொத்து, அந்த இடத்தில் சத்தத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான்! கூத்துக் காசெட் என்றால் ஆடியவர்களின் குடும்பத்தையும் கேட்க வேண்டும். நிகழ்த்துக் கலைஞருக்கு 50 ஆண்டு உரிமை உண்டு. சட்டம் இல்லாவிட்டாலும் அதுதான் முறை.

பாரதி பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை ஒரு காலத்தில் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. 1949இல் அரசு கேட்டபோது காசு வாங்காமல் கொடுத்தார். நம்மிடம் இருப்பது அவ்வளவு பெரிய சொத்தில்லை. ஆனால் 1980களில் ஆரணிப் பட்டு எந்தக் கரையோடு, எந்தப் புட்டாவோடு மணவறையில் உட்கார்ந்தது என்பதற்கு அசையும் சாட்சி அந்தக் காசெட்டுகள்தான். புவிசார் குறியீடு வாங்கிய ஊர், தன் பழைய சேலைகளைப் பார்க்க எங்கே போகும்?

வீட்டுவரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி கட்டுகிறவர்கள் நீங்கள். ஓடுகிற நிலையில் ஒரு வி.சி.ஆர்., ஒரு கணினி, காப்பி எடுக்கத் தெரிந்த ஒரு பையன் வேண்டும் என்று மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு மனு எழுதுவோம். மூன்று மணி நேரக் காசெட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகும், குறுக்குவழி கிடையாது. மனுவில் இன்றே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காசெட்டைக் கொண்டுவாருங்கள். யார் வீட்டு விசேஷம், எந்த வருஷம், யார் எடுக்கச் சொன்னது என்று ஒரு தாளில் எழுதி, கொடுக்கச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டு, நூலகரிடம் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.