ஓலைப்பெட்டிக்கு ஒரு பொலித்தீன் உறை

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், கல்லூரி மண்டபத்தில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பனையோலைக் கைப்பணி பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். கைவேலைப் பாடத்தில் எனக்குக் கிடைத்த புள்ளிகளை அறிந்தவர்கள் இந்த மண்டபத்தில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. நான் இழைப்பவள் அல்ல. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின், ஓலை வேலை தெரிந்த ஆறு பெண்களுடன் சேர்ந்து ஒரு சிறு தொழிலை நடத்துகிறேன். அவர்கள் இழைப்பார்கள். நான் கணக்கு எழுதுவேன், பொதி கட்டுவேன். ஆகவே எனக்குத் தெரிந்த ஒன்றே ஒன்றைப் பற்றி, அதாவது பொதி கட்டுவதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மார்கழி மாதம். லண்டனில் இருக்கும் எங்கள் பழைய மாணவி ஒருவர், மகளின் சாமத்தியவீட்டிற்கு வருபவர்களுக்குக் கொடுப்பதற்காக 48 மூடுபெட்டிகள் கேட்டார். சிவப்பும் பச்சையும் சாயம் போட்ட குருத்தோலையில் இழைத்தவை. ஒவ்வொன்றையும் பளபளக்கும் பொலித்தீன் உறையில் இட்டு, வாயை ஒட்டி, நாடா கட்டி அனுப்பச் சொன்னார். நாங்களும் அப்படியே செய்தோம். செய்து முடித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. கடைச் சாமான் போல இருக்கிறதே என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டோம்.

பொதி போய்ச் சேர ஐந்து கிழமை எடுத்தது. திறந்து பார்த்தால் 19 பெட்டிகளில் பூஞ்சணம். கரும்பச்சைப் புள்ளிகள், ஈரச் சாக்கு மணம். அந்தத் தங்கை கோபிக்கவில்லை. "அக்கா, காசு வேண்டாம், ஆனால் விழாவுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது" என்றார். அந்த ஒன்பது நாளில் இங்கிருந்து நான் எதையும் செய்திருக்க முடியாது. இழைத்த பெண்களுக்கு உரிய கூலியைக் கொடுத்தேன். பிழை அவர்களுடையது அல்லவே. எங்கள் இரண்டு மாத இலாபம் அந்தப் பத்தொன்பது பெட்டிகளுடன் போய்விட்டது.

ஏன் அப்படி நடந்தது என்று பிறகுதான் யோசித்தேன். சாயம் போடும்போது ஓலையைக் கொதிநீரில் அவிக்கிறோம். மாரிகாலத்தில் அது வெளியே காய்ந்ததுபோல் இருக்கும். ஆனால் மடிப்புக்குள்ளும் இரட்டை இழைப்புக்குள்ளும் ஈரம் நிற்கும். காற்றுப் புகாத உறையில் அடைத்தால் அந்த ஈரம் போக வழியில்லை. எங்கள் வெக்கையிலிருந்து குளிர்நாட்டுக்குப் போகையில் அது உறைக்குள்ளேயே வியர்த்து, திரும்ப ஓலையில் படிகிறது. அழகுக்கும் பாதுகாப்புக்கும் என்று போட்ட உறைதான் பெட்டியைக் கெடுத்திருக்கிறது.

அதற்குப் பிறகு ஒருநாள் சந்தையில் பனங்கட்டி வாங்கினேன். குட்டானில் ஊற்றி இறுகவைத்த பனங்கட்டி. அந்தக் குட்டான்களைக் கடைக்காரர் ஒரு சொப்பிங் பையில் போட்டுத் தந்தார். வீட்டுக்கு வரும் வழி முழுவதும் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். பனங்கட்டிக்குக் குட்டான், மீனுக்கு உமல், கூழுக்குப் பிளா, கிழவிமாரின் காசுக்கும் வெற்றிலைக்கும் கொட்டைப்பெட்டி, சந்தைக்குக் கடகம். எங்கள் ஊரில் ஓலை வேலை என்பது பெரும்பாலும் ஏதோ ஒன்றை வைத்துக் கொண்டுபோவதற்கான வேலையாகவே இருந்திருக்கிறது. பொதி செய்வதற்கென்றே பிறந்த பொருளை நாங்கள் இன்னொன்றால் பொதி செய்கிறோம்.

தொண்ணூறுகளில் இங்கு இருந்தவர்களுக்குச் சரை ஞாபகம் இருக்கும். பொருளாதாரத் தடைக் காலத்தில் சீனி, பருப்பு, கடலை எல்லாம் பழைய கொப்பித் தாளில் சுற்றிய சரையில்தான் வந்தன. ஒருமுறை என் தம்பியின் கணக்குப் பாடம் சிவப்புமைப் பிழைகளுடன் கடலைச் சரையாக வீட்டுக்கே திரும்பி வந்தது. அந்தக் காலத்தை நான் நல்ல காலம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பொலித்தீன் இல்லாமலும் எங்களுக்குச் சாமான் கட்டத் தெரிந்திருந்தது.

சட்டங்களும் வந்தன. 2017 சித்திரைப் புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டெம்பரில் பொலித்தீன் லஞ்ச் சீற்றுக்கும் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டிக்கும் தடை வந்தது. 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்தபோது கரையொதுங்கிய பிளாஸ்டிக் மணிகளை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். ஆனால் உண்மையைச் சொன்னால், நாங்கள் மாறியது இவற்றால் அல்ல, 19 பெட்டிகளால்.

இப்போது என்ன செய்கிறோம் என்பதையும் சொல்கிறேன். கைப்பணி செய்யும் தங்கைமார் சிலர் இங்கே இருக்கிறீர்கள், உங்களுக்கு உதவும்.

முதலில் காய்ச்சல். இழைத்து முடித்த பெட்டியை இரண்டு நாள் வெயிலில் வைத்து, நிழலில் ஆறவிட்டுத்தான் கட்டுவோம். சூட்டோடு கட்டினால் மறுபடியும் வியர்க்கும். மாரியில் வெயில் இல்லையென்றால் அனுப்புவதில்லை, வாங்குபவரிடம் பொறுக்கச் சொல்வோம். பிறகு பெட்டிக்குள் பெட்டி. மூன்று அளவில் இழைத்து ஒன்றுக்குள் ஒன்றை வைத்தால் இடமும் மிச்சம், நசிவதும் குறைவு. இடையில் வெறும் மண்ணிறத் தாள் மட்டும். பத்திரிகைத் தாளை முதலில் பாவித்தோம். அதன் மை வெள்ளை ஓலையில் ஒட்டிக்கொண்டது.

குமிழித்தாளுக்குப் பதிலாக ஓலை நறுக்கும்போது விழும் துண்டுகளை நன்றாகக் காயவைத்து இட்டு நிரப்புகிறோம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவுஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போகும் பொதியில் வைக்கோல், ஓலைத் துண்டு எதையும் நிரப்பக்கூடாது. அங்கே தாவரப் பொருள்களைப் பற்றிக் கடுமையான சோதனை உண்டு. அந்தப் பொதிகளுக்குக் கசக்கிய தாள்தான். வெளியே மருந்துக்கடையில் வாங்கிய பழைய காட்போட் பெட்டியைப் பிரித்து, எழுத்துப் பக்கம் உள்ளே போக மடித்து ஒட்டுகிறோம்.

ஒட்டுவதில் நிறையச் சிரமப்பட்டோம். கோதுமை மாப் பசைக்குக் கரப்பான் வந்தது. புத்தகம் கட்டுபவர்கள் பசைக்குள் துத்தம் போடுவார்கள், ஆனால் அது நஞ்சு. பெண்களின் கையில் அது படுவதை நான் விரும்பவில்லை. கடைசியில் தண்ணீர் தொட்டு ஒட்டும் தாள் நாடாவுக்கு வந்து சேர்ந்தோம். விலை கூட. 'உக்கும் பை' என்று எழுதி விற்பதையும் ஒருகாலம் வாங்கினேன். கொல்லையில் புதைத்து ஒரு வருடம் கழித்துத் தோண்டினேன். உக்கவில்லை, துண்டுதுண்டாகப் பிய்ந்து கிடந்தது. பொலித்தீனை முழுதாகவாவது பொறுக்கி எடுக்கலாம்.

எல்லாவற்றையும் தீர்த்துவிட்டோம் என்று சொல்லவில்லை. இத்தனை கவனமாகக் கட்டிக் கொடுத்த பொதியைக் கூரியர்காரர் என் கண்முன்னாலேயே ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போடுகிறார். மழைக்கு என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான். அதற்கு இன்னும் எனக்கு வழி தெரியவில்லை.

இனி வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் உங்களிடம் ஒரு வார்த்தை. எங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பகுதி நீங்கள்தான். பளபளப்பான உறை கேட்பவர்களும் நீங்கள்தான். உங்களைக் குறை சொல்லவில்லை. விருந்தினருக்குக் கொடுக்கும்போது வடிவாக இருக்கவேண்டும் என்ற எண்ணம் எனக்கும் உண்டு. ஆனால் அந்த உறைக்கும் நாடாவுக்கும் நீங்கள் தரும் காசு இழைத்தவளுக்குப் போவதில்லை. நாங்கள் உறையை நிறுத்தியபோது விலையைக் குறைக்கவில்லை. பெட்டி ஒன்றுக்கு உறையில் மிஞ்சியதைக் கூலியில் கூட்டினோம். இதைச் சிலரிடம் சொன்னபோது, "அப்படியென்றால் உறை இல்லாமலே அனுப்புங்கோ" என்றார்கள். சிலர் வேறு இடத்தில் வாங்கிக்கொண்டார்கள். அதுவும் நடந்தது.

இந்த ஆவணியில் ரொறன்ரோவில் என் வகுப்புத் தோழி ஒருத்தி மகனின் கலியாணத்துக்கு 200 பெட்டி கேட்டாள். வழக்கம்போல உறை கேட்டாள். லண்டன் கதையைத் தொலைபேசியில் அரைமணித்தியாலம் சொன்னேன். "நீ வங்கியிலும் இப்படித்தான் ஆட்களை அலுப்புப்படுத்தினாயா?" என்று கேட்டுவிட்டு ஒத்துக்கொண்டாள். வெறும் தாளில் சுற்றி, பருத்தி நூலால் கட்டி, இழைத்தவளின் பெயரை மட்டைத் துண்டில் எழுதித் தொங்கவிட்டு அனுப்பினோம். போய்ச் சேர்ந்து கிடைத்த செய்தி: பூஞ்சணம் இல்லை, ஒரு பெட்டியின் மூடி மட்டும் நசிந்திருந்ததாம். பெயர் எழுதிய மட்டையைப் பார்த்து இழைத்தவளோடு கதைக்கவேண்டும் என்று மணப்பெண் கேட்டாளாம். கதைத்தார்கள். நசிந்த மூடிக்குப் பதில் மூடி அடுத்த பொதியில் போகிறது.

இன்று உங்கள் மேசைகளில் இருக்கும் புழுக்கொடியலும் சிறு குட்டான்களில்தான் வைத்திருக்கிறோம். தின்றுவிட்டுக் குட்டானை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். வேண்டாதவர்கள் வாசலில் இருக்கும் கடகத்தில் போட்டுவிடுங்கள், நான் திரும்ப எடுத்துக்கொள்வேன்.