கரண்டிக்குள் கொஞ்சம் கரண்ட்

கொதிக்கிற சாம்பாரில் எவர்சில்வர் கரண்டி கிடக்கிறது. அடிமுனை சுடுகிறது. காம்பு இன்னும் சூடேறவில்லை. இந்த வித்தியாசம் போதும், கரண்டிக்குள் துளியூண்டு மின்னழுத்தம் பிறந்துவிடும். ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர்ச்சி என்றால் மின்சாரம்!

1821-ல் ஜெர்மனியில் தாமஸ் ஸீபெக் இதைப் பார்த்தார். இரண்டு உலோகங்களை வளையமாகச் சேர்த்து, ஒரு இணைப்பைச் சூடாக்கினார். பக்கத்தில் இருந்த திசைகாட்டியின் முள் அசைந்தது. அவர் அதைக் காந்தம் என்றே நினைத்தார், பாவம். உண்மையில் அது மின்சாரம்.

இப்போது இதே வேலையை மை செய்கிறது. கார்பன் மை. கிராபீன் போன்ற கார்பன் தூளை, செடிகொடிகளில் கிடைக்கும் செல்லுலோஸில் குழைக்கிறார்கள். துணிப்பையில் கடைப் பெயர் அச்சடிப்பார்களே, அதே ஸ்கிரீன் பிரிண்டிங்தான். மெல்லிய பிளாஸ்டிக் தாளில் மை கருப்புக் கோடுகளாக விழுகிறது. வெந்நீர்க் குழாயைச் சுற்றி ஒட்டலாம், வளையும். இந்த வேலைக்கு வழக்கமாகப் பயன்படும் பிஸ்மத் டெல்லூரைடு அப்படியல்ல, நொறுங்கும். அதிலுள்ள டெல்லூரியமும் பூமியில் அரிது.

இந்த மையால் பல்பு எரியுமா? எரியாது. அவ்வளவு சக்தி கிடையாது. ஆனால் சூடு கூடினால் சொல்லிவிடும். மை தரும் சேதிக்கு பேட்டரி வேண்டாம், சூடே போதும். அதைப் படிக்கிற மீட்டருக்குத்தான் பேட்டரி வேண்டும்.

சாம்பார் கரண்டியை வெறுங்கையால் எடுத்துவிடாதீர்கள். இந்நேரம் காம்பும் சூடேறியிருக்கும்!