அழிச்சதுல பாதி மோடமும் போயிருச்சு

போன எபிசோட் கேட்டுட்டு சில பேர் கேட்டிருந்தீங்க: "நீங்க முதன்முதலா லினக்ஸ் போட்டப்போ எது ரொம்ப சோதிச்சது?" யோசிக்கவே வேண்டாம். மோடம்தான்.

மோடம்னா வைஃபை பெட்டின்னு நினைச்சுக்காதீங்க. நான் சொல்றது டயல்-அப் மோடம். லேண்ட்லைன் ஒயரை லேப்டாப்பில் செருகி, ஒரு நம்பருக்கு டயல் பண்ணி, பேசுற அதே லைன்ல இணையம் வாங்கின காலம். அதிகபட்சமே நொடிக்கு 56 கிலோபிட். நெட் ஓடுற வரைக்கும் வீட்டு போன் பிஸி.

2006, திருச்சி. நான் காலேஜ் மூணாவது வருஷம். அப்பா ரிட்டயர் ஆன பணத்துல ஒரு பழைய லேப்டாப் வாங்கினார். என் படிப்புக்குன்னு பேரு. ஆனா அண்ணன் மஸ்கட்ல இருந்தான். ஐஎஸ்டி பேசினா காசு கரையும். வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. அன்னைக்கு ராத்திரி அப்பா ஒத்தை விரலால் டைப் பண்ணி அவன்கூட சாட் பண்ணுவார். வாரம் முழுக்க அதுக்காகக் காத்திருப்பார்.

அப்புறம் விண்டோஸ்ல வைரஸ் வந்தது. நான் பெரிய ஆள் மாதிரி, இலவசமா தபால்ல வந்த உபுண்டு சிடியைப் போட்டு டிஸ்க்கை முழுசா அழிச்சேன். ஸ்கிரீன் வந்தது, சவுண்ட் வந்தது. மோடம் மட்டும் வரலை.

அந்த வெள்ளிக்கிழமை அப்பா வந்து உட்கார்ந்தார். "வரலப்பா, அடுத்த வாரம் சரி பண்ணிடறேன்." அவர் திட்டலை. "சரிடா"ன்னு எழுந்து போய்ட்டார். திட்டியிருந்தா பரவாயில்லைன்னு தோணுச்சு. பிரவுசிங் சென்டருக்கும் கூட்டிட்டுப் போக முடியாது. அது ரெண்டாவது மாடி, அவருக்கு மூட்டுவலி. பேத்தி போட்டோவை பென் டிரைவ்ல எடுத்துட்டு வரலாம். பேச்சை எடுத்துட்டு வர முடியாதே.

சீனியர் அண்ணன் ஒருத்தருக்கு போன் பண்ணேன். "மோடம் வேலை செய்யலண்ணா."

"வேலை செய்யலன்னா? என்ன சிப்பு அது?"

தெரியலை. அதுவரைக்கும் நான் அதைப் பார்க்கவே இல்லை.

அவர்தான் விளக்கினார். பழைய வெளி மோடத்துக்குள்ள சிக்னலை மாத்துற மூளை தனியா இருக்கும். கம்ப்யூட்டர் "இந்த நம்பருக்கு டயல் பண்ணு"ன்னு சொன்னா போதும், மிச்சத்தை அதுவே பார்த்துக்கும். அதனால அது லினக்ஸ்லயும் சாதாரணமா ஓடும். ஆனா லேப்டாப்பில் விலையும் இடமும் மிச்சமாகணும்னு அந்த மூளையையே எடுத்துட்டாங்க. போன் லைனைத் தொடுற ஒரு குட்டி கார்டு மட்டும் இருக்கும். டேட்டாவை சத்தமா மாத்துற கணக்கு, சத்தத்தைத் திரும்ப டேட்டாவா மாத்துற கணக்கு எல்லாம் டிரைவர் சாஃப்ட்வேர் மூலமா சிபியு பண்ணணும். அந்த டிரைவரை பெரும்பாலும் விண்டோஸுக்குத்தான் எழுதினாங்க. அதனால இதுக்குப் பேரே வின்மோடம்.

அப்போதான் உறைச்சது. நான் அழிச்சது விண்டோஸை மட்டும் இல்லை, மோடத்துல பாதியையும் சேர்த்துத்தான்.

லினக்ஸ்ல எல்எஸ்பிசிஐன்னு ஒரு கமாண்ட் இருக்கு. உள்ள என்னென்ன சிப் இருக்குன்னு வரிசையா காட்டும். அதை நோட்டுல எழுதிட்டு பிரவுசிங் சென்டர் போனேன். இந்த மாதிரி மோடங்களுக்காகவே லின்மோடம்ஸ்னு ஒரு குழு இருந்தது. எந்த சிப்புக்கு எந்த டிரைவர்னு தேடி எழுதி வச்சிருந்தாங்க. யாரும் அவங்களுக்குச் சம்பளம் கொடுக்கலை. என் சிப்புக்கு எஸ்எல்மோடம்னு ஒரு புரோகிராம். பென் டிரைவ்ல போட்டு வீட்டுக்கு வந்து கம்பைல் பண்ணா, ஒரு ஹெடர் ஃபைல் இல்லைன்னது. நெட் வர்றதுக்குத் தேவையான ஃபைல் நெட்லதான் இருக்கு! மறுபடி பஸ். அடுத்த நாள் இன்னொண்ணு இல்லை. மறுபடி பஸ். ரெண்டாவது வெள்ளிக்கிழமையும் போச்சு.

ஒருவழியா கம்பைல் ஆச்சு. இதுல ஒரு வேடிக்கை: லினக்ஸ் கண்ணுக்கு அந்த மோடம் இன்னொரு சவுண்ட் கார்டு. யோசிச்சா சரிதான், சத்தம் அனுப்பி சத்தம் வாங்குறதுதானே அதோட வேலை. டயல் பண்ணேன். "நோ டயல்டோன்". ஒயர் நல்லா இருக்கு, ரிசீவரை எடுத்தா டோன் கேட்குது. ஆனா மோடத்துக்கு அது டயல்டோனா தெரியலை. டயல்டோன் எல்லா நாட்டுலயும் ஒரே மாதிரி இருக்காது. செட்டிங்ல நாட்டை இந்தியான்னு மாத்தி, டயல் கமாண்டுக்கு முன்னாடி எக்ஸ்3ன்னு சேர்த்தேன். டோனுக்குக் காத்திருக்காம நேரா டயல் பண்ணுன்னு அர்த்தம். கனெக்ட் ஆச்சு.

மூணாவது வெள்ளிக்கிழமை. அப்பா கண்ணாடியைப் போட்டுட்டு உட்கார்ந்தார். விண்டோ புதுசு, புரோகிராம் புதுசு. அவருக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை. "சாப்பிட்டியா"ன்னு தேடித் தேடி அடிச்சார். கொஞ்ச நேரத்துல பதில் வந்தது: "ரெண்டு வாரமா எங்கப்பா போனீங்க?" அப்பா என்னைத் திரும்பிப் பார்த்துட்டு, "லைன் சரியில்லடா"ன்னு டைப் பண்ணார்.

ஒண்ணு சொல்லணும். அந்த எஸ்எல்மோடமும் முழுசா ஓப்பன் சோர்ஸ் இல்லை. சிக்னல் கணக்கு பண்ற முக்கியமான பகுதி மூடின பைனரியாத்தான் வந்தது. இன்னைக்கும் கதை அதேதான், இடம்தான் மாறியிருக்கு. நிறைய லேப்டாப்போட வைஃபை சிப்புக்கு மூடின ஃபர்ம்வேர் வேணும். ரொம்ப வருஷம் பிடிவாதமா இருந்த டெபியன்கூட 2022ல ஓட்டெடுப்பு நடத்தி, 2023ல வந்த டெபியன் 12 இன்ஸ்டாலர்ல அந்த ஃபர்ம்வேரைச் சேர்த்துடுச்சு. அது தோல்வியா, நடைமுறையான்னு நீங்களே யோசிங்க. நான் அந்த ரெண்டு வெள்ளிக்கிழமையை நினைச்சுப்பேன்.

அதனால இந்த வாரம் லினக்ஸ் போடப் போறவங்களுக்கு ஒரே வார்த்தை: அழிக்கிறதுக்கு முன்னாடி லைவ் யுஎஸ்பில பூட் பண்ணி, வைஃபை வருதா, சவுண்ட் வருதான்னு பாருங்க. வரலைன்னா சிப் பேரைக் குறிச்சுக்கோங்க. அந்த மெஷினை வீட்ல வேற யார் எதுக்குப் பயன்படுத்துறாங்கன்னும் ஒரு வார்த்தை கேளுங்க. நான் கேட்கலை.

உங்களைப் படுத்தின டிரைவர் கதை இருந்தா எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசுவோம்.